அன்றைக்கு அவர் அடிக்கவில்லை

மத்திய சிறை, கோயம்புத்தூர்
9 ஆகஸ்ட் 2023

தங்கச்சி சரிதாவுக்கு,

நீ பிழைத்துக்கொண்டாய் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அதுவரை நீ செத்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன். நான் கடைசியாகப் பார்த்தபோது நீ அப்படித்தான் கிடந்தாய்.

போலீஸிடம் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். பர்லியாரில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மேலே குன்னூருக்கு வந்தேன். உனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை எஸ்டேட் லயத்து வீடுகளுக்குக் கீழே நிறுத்தினேன். உன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நீ அடுப்படியில் கிடந்தாய். உன் தலையிலிருந்து ஓடிய ரத்தம் சாம்பலில் கலந்து கருத்திருந்தது. உன் புருஷன் கீர்த்திவாசன் உன் மேல் குனிந்து நின்றான். அவன் இரண்டு கையிலும் உன் ரத்தம். என்னைப் பார்த்ததும், "மச்சான், நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தான். நான் முடிக்க விடவில்லை.

கதவு மூலையில் அவனுடைய கவாத்துக் கத்தி சாத்தியிருந்தது. முற்றிய தேயிலைத் தண்டை ஒரே வீச்சில் துண்டாக்குகிற கத்தி. முதல் வெட்டைத் தடுக்க வலது கையைத் தூக்கினான். எலும்பு நறுக்கென்றது. இரண்டாவது தோளில் விழுந்தது. மூன்றாவதைக் கழுத்துக்குத்தான் ஓங்கினேன். அவன் சரிந்துவிட்டதால் அது கதவு நிலையில் போய் இறங்கியது. கத்தியை உருவ முடியாமல் நான் இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாரப்பன் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாவது தவறிப்போனதுதான் வருத்தம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு உனக்கு இருப்பது நான் ஒருவன். அந்த நாய் உன்னை என்னவெல்லாம் செய்தான் என்று கோர்ட்டில் நீ ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
மனோகரன்


குன்னூர்
22 ஆகஸ்ட் 2023

அண்ணனுக்கு,

அன்றைக்கு அவர் என்னை அடிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை என்னால் எழுத முடியும்.

அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்க எழுந்தேன். காதுக்குள் இரைச்சல் கேட்டது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தலை அடுப்புக் கல்லில் அடித்திருக்கிறது. சத்தம் கேட்டு வாசலிலிருந்து அவர் ஓடி வந்து என் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். நீங்கள் அவர் கையில் பார்த்தது அந்த ரத்தம்தான். மாரப்பன் அண்ணனும் அப்படித்தான் சொல்கிறார். நீங்கள் பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வரும்போதே உள்ளேயிருந்து அவர், "யாராவது வாங்க, இவ விழுந்துட்டா" என்று கத்தினாராம். உங்களுக்குக் கேட்கவில்லையா?

எங்கள் இருவரையும் ஒரே ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்ததாம். ரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் நாலு புள்ளி ஆறு. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். "தலையில் அடிபட்டதால் வந்தது இல்லம்மா இது. வருசக்கணக்கா கொறஞ்சுட்டே வந்திருக்கு. இதை வெச்சுக்கிட்டா மலையில ஏறி எறங்கி கொழுந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். மேல் மாடியில் அவருக்கும் ஏற்றினார்கள். அவருடைய வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது. விரல் இனி மடங்காது என்கிறார்கள். கவாத்து வெட்டுகிறவருக்கு அந்தக் கை இல்லையென்றால் என்ன இருக்கிறது?

இரண்டாம் நாள் என் மாமியார் வார்டுக்குள் வந்தார். "என் புள்ளை கையைத் தின்னுட்டு சொகமா படுத்திருக்கியா" என்று என் முடியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து கீழே இழுத்தார். கையில் குத்தியிருந்த ஊசி பிய்ந்து, எனக்கு ஏற்ற வைத்திருந்த ரத்தம் தரையெல்லாம் தெறித்தது. வயிற்றில் இரண்டு முறை உதைத்தார். ஷைனா என்று கூடலூர்ப் பக்கத்து மலையாள நர்ஸ் ஒருவர் ஓடி வந்து அவரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். யாருடைய ரத்தமோ தெரியவில்லை, முகம் தெரியாத யாரோ ஒருவர் கொடுத்தது. அதைத் துணியால் துடைத்து வாளியில் பிழிந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம். நீங்கள் என் மூக்கில் விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே கத்தியைத் தேடினீர்கள்.

சரிதா


கோயம்புத்தூர்
4 செப்டம்பர் 2023

சரிதா,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார்கள். கொடுத்த வார்டர், "உன் தங்கச்சியே உன்னை மாட்டி விட்டுருவா போலிருக்கே" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற ஒருவனும் சேர்ந்து சிரித்தான். வார்டரை நான் ஒன்றும் செய்ய முடியாது. மற்றவனின் முகத்தைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மோதினேன். பல் உடைந்தது. அதற்காக என்னைத் தனியாகப் பூட்டி வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அன்றைக்கு அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அடிக்கவே மாட்டார் என்று நீ எழுதவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது உன் கழுத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு தடிப்பைப் பார்த்தேன். செடிக் குச்சி கீறிவிட்டது என்றாய். ரத்தம் குறைந்தால் மயக்கம் வரும் என்று டாக்டர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். தழும்பு வருமா? நீ மெலிந்து, உதடு வெளுத்து, படியில் இரண்டு தடவை நின்று நின்று ஏறினாய். அவன் உன்னைப் பட்டினி போடுகிறான் என்றுதான் நினைத்தேன். அன்றே கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா?

இப்போது கேட்கிறேன். மற்ற நாட்களைப் பற்றி எழுது.

மனோகரன்


வெள்ளிக்கல் எஸ்டேட், குன்னூர்
1 அக்டோபர் 2023

அண்ணனுக்கு,

எழுதுகிறேன். சிறையில் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்தே எனக்கு மாதவிலக்கு சீக்கிரம் நிற்காது. மாதத்தில் பாதி நாள் போய்க்கொண்டே இருக்கும். மலையில் கூடையோடு நிற்கும்போது காலில் வழியும். மழைத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று மாமியார் சொன்னார். நானும் நம்பினேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கேட்டதற்கு வலி மாத்திரை கொடுத்தார்கள்.

பிறகு உடம்பில் தெம்பே இல்லை. மேட்டில் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் கூடைதான் எப்போதும் குறைவு. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உம் பொண்டாட்டி செடிக்கடியில தூங்குறா" என்பார். அவர் குடிக்கிறவர் இல்லை. அதனால்தான் நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று இருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துவார். "எந்திரிடி. ஊரெல்லாம் வேலை செய்யுது. நீ மட்டும் பொணமாட்டம் கெடக்கிற" என்பார். முதலில் கையால் அடித்தார், அப்புறம் பெல்ட்டால். அடி விழும்போது ஓடக்கூட எனக்கு மூச்சு இருக்காது. அசையாமல் கிடப்பேன். திமிர் என்று நினைத்து இன்னும் அடிப்பார்.

பிறகு எனக்கு மண் தின்கிற ஆசை வந்தது. இதை எழுதக் கூசுகிறது. மழையில் நனைந்த சுவரின் வாசனை வந்தால் வாயில் எச்சில் ஊறும். அடுப்படிச் சுவரைச் சுரண்டித் தின்பேன். பச்சரிசியைப் பிடி பிடியாக மெல்லுவேன். ஒரு நாள் மாமியார் பார்த்துவிட்டார். பேய் பிடித்திருக்கிறது என்று அடிவாரத்தில் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போனார்கள். சாமியாடி புளிய விளாரால் அடித்தார். பேய் பேரைச் சொல்லச் சொல்லி அடித்தார். எனக்கு என்ன பேர் தெரியும்? தெரிந்த செத்தவர்கள் பேரையெல்லாம் சொன்னேன். அம்மா பேரையும் சொன்னேன். என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர்தான். நீங்கள் பொங்கலுக்குப் பார்த்த தடிப்பு அதில் ஒன்று.

இதையெல்லாம் ஷைனா அக்காவிடம் சொன்னபோது அவர் அதிர்ச்சியடையவில்லை. என் நகத்தைப் பிடித்துப் பார்த்தார். நடுவில் குழிந்திருந்தது. "இது பேயில்ல, சோம்பேறித்தனமும் இல்ல. ஒடம்புல இரும்புச் சத்து தீந்துபோச்சு. மாசா மாசம் ரத்தத்தோட அது வெளிய போய்ட்டே இருந்துச்சு. சேரவே இல்ல. இரும்பு இல்லாம ஒடம்பு எப்படி ரத்தம் உண்டாக்கும்? ரத்தம் இல்லன்னா மூச்சு எப்படிப் பத்தும்? மண்ணு திங்கத் தோணறதும் அதாலதான் மோளே" என்றார். என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். சோறும் ரசமும், கூடவே பால் ஊற்றாத ப்ளேன்டி ஒரு டம்ளர் என்றேன். சாப்பாட்டோடு தேயிலைச் சாயம் குடித்தால் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாதாம். தேயிலை பறிக்கிறவள் நான், எனக்கு இது யாரும் சொல்லவில்லை.

அண்ணா, நான் அங்கேயே அழுதுவிட்டேன். வலியை நினைத்து அழவில்லை. இத்தனை நாளும் நான் சோம்பேறி என்று நானே நம்பியிருந்தேன். அடிக்கிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

இப்போது அவர் வீட்டில் இருக்கிறார். வலது கை தொங்குகிறது. நான்தான் சோறு பிசைந்து கொடுக்கிறேன். எனக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையால் மலம் கருப்பாகப் போகிறது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, விஷம் தின்று சாகப் பார்க்கிறாள், பழி நம்மேல் விழும் என்று மாத்திரையை அடுப்பில் போட்டார். ஷைனா அக்கா வேறு கொடுத்தார். அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன்.

கேஸ் வரும்போது நடந்ததைச் சொல்வேன். அன்றைக்கு நடந்ததையும் சொல்வேன், மற்ற நாட்களில் நடந்ததையும் சொல்வேன்.

சரிதா


கோயம்புத்தூர்
15 அக்டோபர் 2023

சரிதா,

சாமியாடி எந்த ஊர் என்று எழுது. பேர் எழுது.

உன் கடிதம் வந்த அன்று சுவரில் குத்தினேன். இரண்டு விரல் வீங்கியிருக்கிறது. இதைப் பக்கத்துக் கொட்டடிக்காரர் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. யாரும் பிரித்துப் படிக்காமல் வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வக்கீல் வந்தார். உன் கடிதத்தில் உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "இது போதும் தம்பி. நீங்க உள்ளே போகும்போது அவன் அடிச்சுக்கிட்டு இருந்தான்னு மட்டும் தங்கச்சி சொல்லட்டும். தங்கச்சி உயிரைக் காப்பாத்த வெட்டினதா ஆயிரும். நீங்க வெளிய வந்துருவீங்க" என்றார்.

ஒரு பொய்தான் சரிதா. அதுவும் பெரிய பொய் இல்லை. நூறு நாள் அடித்தவன், அன்றைக்கும் அடித்தான் என்று சொல். அவன் உன் காலைப் பிடித்துக்கொண்டு அடி வாங்க வைத்தவன். அவனுக்காக உண்மை பேசப் போகிறாயா? அந்தக் கை அவனுக்குத் தேவையில்லை. பிடிக்கக் கூடாததைப் பிடித்த கை.

நான் இங்கே அழுகி நாறினால் உனக்குச் சம்மதமா? பதில் எழுது. நீ மறுத்தால் இனி எனக்குத் தங்கச்சி இல்லை.

மனோகரன்


குன்னூர்
12 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. நான் இப்போது அந்த வீட்டில் இல்லை. ஷைனா அக்கா வாடகைக்கு இருக்கும் வீட்டில் பின்னறையில் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் இருந்த கட்டிக்கு வைத்தியம் பார்த்தார்கள். ரத்தப்போக்கு நின்றது. இரும்புச் சத்தை நரம்பு வழியாகவும் ஏற்றினார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு லயத்துப் படி முழுவதும் ஏறி முடித்த பிறகுதான், நடுவில் நான் நிற்கவே இல்லை என்பது தெரிந்தது. மண் வாசனைக்கு வாய் ஊறுவது எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

மார்கழியில் கோர்ட் சம்மன் வந்தது. அவர் என்னை உட்காரச் சொன்னார். "உங்கண்ணன் என்னைக் கொல்லணும்னே வந்தான்னு சொல்லணும். நான் உன்மேல கைவெச்சதே இல்லன்னு சொல்லணும்" என்றார். முதல் பாதி எனக்குத் தெரியாது, இரண்டாவது பாதி பொய் என்றேன். இடது கையால் விறகுக் கட்டையை எடுத்தார். முதல் அடி முட்டியில் விழுந்தது. இரண்டாவது ஓங்கும்போது நான் கட்டையைப் பிடித்துவிட்டேன். எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே ஆச்சரியம். முன்பெல்லாம் என் கை அந்த உயரத்துக்கு எழும்பாது. பிடுங்கினேன், வந்துவிட்டது.

அடித்தேன் அண்ணா. விலாவில். அவர் சுருண்டு விழுந்தார். மறுபடியும் ஓங்கினேன், இந்த முறை மண்டைக்கு. தடுப்பதற்கு அவர் வலது தோளை அசைத்தார், கை வரவில்லை. மாமியார் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குள் அப்போது இரக்கம் எதுவும் வரவில்லை. போட்டால் செத்துவிடுவார், போடலாம் என்றுதான் இருந்தது. உடம்பு முழுக்கச் சூடு. நீங்கள் நின்ற அதே அடுப்படி. உங்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. கட்டையை வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டு நடந்தேன்.

முட்டியில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டுக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நான் அடித்ததையும் சேர்த்துத்தான். பெல்ட், விளார், சாமியாடி எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஆளைப் போலீஸ் தேடுகிறது. உங்களுக்கு ஊர் பேர் தர மாட்டேன்.

நீங்கள் கேட்ட பொய்யைச் சொல்ல மாட்டேன். அவருக்காக என்று நினைக்காதீர்கள். என் உடம்பில் என்ன நடக்கிறது என்று மற்றவர்கள் இஷ்டத்துக்குச் சொன்னார்கள். பேய் என்றார்கள், திமிர் என்றார்கள், விஷம் என்றார்கள். நீங்கள் பட்டினி என்றீர்கள், கொலை என்றீர்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு அடி விழுந்தது. இந்த ஒரு முறையாவது உள்ளதை நான் என் வாயால் சொல்ல வேண்டும். அதில் உங்களுக்கு ஜெயில் என்றால், சொல்லிவிட்டு அதை நானும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தங்கச்சி இல்லை என்று எழுதினீர்கள். கோர்ட்டில் உறவு கேட்பார்கள். நான் தங்கச்சி என்றுதான் சொல்வேன்.

சரிதா


கோயம்புத்தூர்
18 நவம்பர் 2024

சரிதா,

தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. ஐந்து வருடம். உள்ளே இருந்த காலம் கழியும். நீ அங்கேயே நின்று கேட்டாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை.

நீ சாட்சி சொன்ன நாளைப் பற்றி இப்போதுதான் எழுத வருகிறது. "அன்றைக்கு அவர் என்னை அடிக்கவில்லை, நான் மயங்கி விழுந்தேன்" என்று நீ சொன்னபோது என் வக்கீல் பேனாவை மேசையில் போட்டார். எனக்குக் கூண்டைத் தாண்டிக் குதித்து உன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்து மற்ற நாட்களை நீ சொல்ல ஆரம்பித்தாய். அது இந்தக் கேஸுக்குத் தேவையில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சொல்லட்டும் என்றார் நீதிபதி. சட்டையைக் கழற்றியவன் மாதிரி கீர்த்திவாசன் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி வரை தலையைத் தூக்கவில்லை. பிறகு நீ எழுதிக் கொடுத்த கேஸில் அவனுக்கும் தண்டனை என்று கேள்விப்பட்டேன். சாமியாடிக்கும்.

வேனில் வரும்போது கூட வந்த போலீஸ்காரர், "அந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் வெட்டிருச்சேப்பா" என்றார். அவரை அடிக்க எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் அப்படித் தோன்றாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அவன் கத்தியது எனக்குக் கேட்டதா என்று கேட்டிருந்தாய். கேட்டது. "யாராவது வாங்க" என்றுதான் கேட்டது. படியில் நின்று கேட்டேன். உள்ளே வந்து உன்னைப் பார்த்ததும் அது என் காதிலிருந்து போய்விட்டது. போலீஸிடம் சொல்லவில்லை. கோர்ட்டிலும் சொல்லவில்லை. நீ உண்மையைச் சொன்ன இடத்தில் நான் வாய் மூடி நின்றேன்.

அதனால் நீ வராதே. என்னைப் பார்க்க மனுப் போட்டு வந்து நின்றாலும் நான் வெளியே வர மாட்டேன். உன் முகத்தில் ரத்தம் ஊறியிருப்பதைக் கோர்ட்டில் ஓரக்கண்ணால் பார்த்தேன். அது போதும்.

மனோகரன்


பர்லியார்
2 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பழத் தோட்டத்தில் தினக்கூலி வேலை. காலையில் சாப்பிட்டு நேரம் கழித்துத்தான் டீ குடிக்கிறேன். கூட வேலை செய்யும் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் போன வாரம் ரத்தம் சோதித்துப் பார்க்க என்னோடு வந்தார்கள். எனக்குப் பதினொன்றரை. அவர்களில் ஒருத்திக்கு ஏழு. அவள் புருஷனிடம் நானே போய்ப் பேசினேன். முறைத்தான். நகராமல் நின்று பேசி முடித்தேன்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அவருடைய வெட்டுப்பட்ட கையை நினைத்தால் இன்னும் வரவில்லை. அவரை மன்னித்ததாகவும் எழுத வரவில்லை. ஆனால் நான் மறுபடி கேட்காமலே நீங்கள் சொன்னீர்கள். அதற்காக வருகிறேன்.

வருகிற வியாழக்கிழமை மனுப் போடுகிறேன். நீங்கள் வெளியே வராவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். நேரம் முடிந்ததும் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டு அடுத்த மாதம் மறுபடி வருவேன். முன்பு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும். இப்போது உங்கள் பிடிவாதம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் உட்காருவேன்.

தங்கச்சி
சரிதா